உட்கார்ந்தால் வராத படிப்பு

போன வாரம் சூரமங்கலத்தில் ரயிலுக்குக் காத்திருந்தேன். யுத்த காலம்... எந்த வண்டி எப்போது வரும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியாது. ஒரு பெஞ்சில் இடம் பிடித்துத் தினசரியைப் பிரித்தேன். ஒரு வரி ஓடவில்லை. காரணம், எனக்கு முன்னால் ஒரு வாலிபன் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தான்.

பிளாட்பாரத்தின் இந்தக் கோடி, அந்தக் கோடி. கக்கத்தில் தலையணை மாதிரி ஒரு புத்தகம். கண் எங்கேயோ இருக்கிறது. உதடு மட்டும் ஓயாமல் முணுமுணுக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு மிலிட்டரி வண்டி கடந்து போயிற்று. இவன் அதைப் பார்த்தபடியே விரல் விட்டு எண்ணினான்.

போதாதா? போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"என்ன தம்பி எண்ணறே?"

"நரம்புங்க."

"என்னது?"

"தலையில இருந்து வர்ற நரம்புங்க. எட்டாவது வரைக்கும் வந்துட்டேன், ஒம்பதாவது மறந்து போச்சு..."

"மிலிட்டரி வண்டி போறப்பத்தான் உனக்கு நரம்பு ஞாபகம் வருதா? நட ஸ்டேஷனுக்கு!"

நான் எழுந்து போய்ப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அனாட்டமி! "விட்டுடுங்க, இவர் டாக்டருக்குப் படிக்கிறவர்" என்றேன். போலீஸ்காரர் என்னை அறிந்தவர். அவருடைய மலேரியாவுக்கு மருந்து கொடுத்தவன் நான். ஆகவே நம்பினார். ஆனாலும் அவருக்கு ஆறவில்லை.

"படிக்கிறதுன்னா ஒரு பக்கமா உக்காந்து படிக்கக் கூடாதுங்களா டாக்டர்?"

அதற்கு அந்தப் பையன் சொன்ன பதில்: "உக்காந்தா வர மாட்டேங்குதுங்க."

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அவஸ்தை எனக்குத் தெரியும் ஐயா! கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் சென்னையில் மருத்துவம் படிக்கப் போனபோது எங்கள் பக்கத்தில் அது பெரிய செய்தி. எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, கிணற்றை நம்பிய பூமி. எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் அப்பா. இரண்டாவது ஆள் நான். இடையில் யாரும் கிடையாது. அப்படி இருக்க, பையன் டாக்டருக்குப் படிக்கிறான் என்றால் சும்மாவா?

ஊரில் இருந்தவரை நான் ஓர் இடத்தில் உட்கார்ந்தவன் இல்லை. ஹைஸ்கூலுக்குத் திருச்செங்கோட்டுக்கு நடந்தே போய் நடந்தே வருவேன். சென்னையிலும் ஆரம்பத்தில் சாயங்காலமானால் ஃபுட்பால், இல்லாவிட்டால் கடற்கரை. முதல் பரீட்சை நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தேன். முதலில் ஃபுட்பால் போயிற்று. பிறகு கடற்கரை. பிறகு சாப்பாட்டுக்குப் பின் ஹாஸ்டலைச் சுற்றி ஒரு நடை உண்டே, அதுவும். கடைசியில் குளிப்பதுகூட நேர நஷ்டம் என்று தோன்ற ஆரம்பித்தது.

நாற்காலி, மேஜை, புத்தகம், காப்பி. மறுபடி காப்பி. இவ்வளவுதான் என் உலகம்.

படித்தேனா? கண் படித்தது. பக்கத்தின் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி போயிருக்கும். திரும்ப மேலே போவேன். கால் மரத்துப் போகும். எழுந்தால் நேரம் போய்விடுமே என்று எழுந்திருக்க மாட்டேன். என் அறைத் தோழன் ராகவன், கும்பகோணத்துக்காரன், எதிரே அமைதியாகப் படித்துக்கொண்டிருப்பான். அவன் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டாலே நான் என் பக்கத்தை மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பேன்.

வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சை நாள் வந்தது. பரீட்சகர் ஒரு வெள்ளைக்காரர். ஓர் எலும்பை எடுத்து என் கையில் வைத்தார். தோள்பட்டைக்கு முன்னால் வளைந்து கிடக்குமே, காறை எலும்பு. அதேபோன்ற எலும்பு ஒன்று ஹாஸ்டலில் என் தலையணைக்கடியில் கிடந்தது! வலது எது, இடது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பழகியவன் நான். அன்று அதன் பெயரே வரவில்லை. திருப்பிப் பார்த்தேன். மறுபடி திருப்பிப் பார்த்தேன்.

"இது என்ன, மிஸ்டர்?"

"எலும்பு, சார்."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. எலும்பை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, "போய் ஓய்வெடுத்துக்கொண்டு அடுத்த பரீட்சைக்கு வா" என்றார்.

ஓய்வெடுக்கலாம் என்றுதான் ஊருக்கு வந்தேன். அப்பா விடுவாரா?

"கடக்கரையில காத்து வாங்கிட்டுத் திரிஞ்சா படிப்பு எப்பிடிடா ஏறும்?" என்றார். கடற்கரையை நான் கண்ணால் பார்த்தே எத்தனையோ நாளாயிற்று என்று சொன்னேன். நம்பவில்லை. "இனிமேல் ஊட்டை விட்டு வெளிய காலெடுத்து வெக்கப்படாது. பொழுதன்னைக்கும் உக்காந்து படி!"

பருத்தி போட்டு வைக்கிற அறையை ஒழித்து, அதில் என்னை உட்கார வைத்தார்கள். வெளியில் தாழ்ப்பாள். அப்பா கொடுமைக்காரர் அல்ல, இதை நீங்கள் நம்ப வேண்டும். எனக்காகத் தெருவையே அடக்கி வைத்தார். எங்கள் வீட்டு உரல் சித்தப்பா வீட்டுக்குப் போயிற்று, இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதாம். ஆடுகளின் கழுத்து மணியை அவிழ்த்தார்கள். சேவலை ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துவிட்டார்கள், கூவுகிறதாம்! காலையில் வல்லாரைச் சாறு, மத்தியானம் பிரம்மி நெய். தலையில் ஊற்றிய எண்ணெய் புத்தகத்தில் சொட்டும்.

அந்த நிசப்தம் இருக்கிறதே... அதைப் போல ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. என் மூச்சு எனக்கே இரைச்சலாக இருந்தது. புத்தகம் திறந்து கிடக்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கால் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருக்கும்.

எனக்குச் சோறு கொண்டுவருகிறவள் அக்கா. பக்கத்துத் தெருவில் கட்டிக் கொடுத்திருந்தது. ஒரு நாள் வட்டிலோடு உள்ளே வந்தாள். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். என் நாக்கில் அவள் பெயர் இல்லை. "நீ..." என்றேன். "நீ..." என்றேன் மறுபடியும். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்! அவளுக்குப் புரிந்துவிட்டது. வட்டிலைக் கீழே வைத்தாள்.

"பாவாயி, சாமி" என்றாள் மெதுவாக. "என்ற பேரு பாவாயி."

அப்புறம் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரிச் செய்திக்கு யாராவது சொல்ல வேண்டுமா என்ன? "படிச்சுப் படிச்சு மூளை கலங்கிப்போச்சு" என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது.

அது மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அங்கே நல்ல கூலி என்று ஊர் ஊராக ஆட்கள் கிளம்பிப் போனார்கள். எங்கள் தோட்டத்து ஆளும் போய்விட்டார். மிளகாய் பூவெடுத்து நிற்கிறது. தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லை. அப்பாவே எருது பூட்டி இறைக்கப் போனார். இரண்டொரு நாளில் கிணற்று மேட்டுச் சரிவில் கால் பிசகி விழுந்தார்.

கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்கள். கணுக்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. தாழ்ப்பாளைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்கள். "அதான் ஊட்டுலயே டாக்டரு இருக்காருல்லீங்க" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எல்லோரும் விலகி வழி விட்டார்கள்.

நான் அப்பாவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அழுத்திப் பார்த்தேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "எந்த எலும்புடா? ஒடைஞ்சிருக்கா?" என்றார்.

காலில் எத்தனை எலும்பு! ஒன்றின் பெயராவது வரக் கூடாதா? என் கை அப்பாவின் காலின் மேல் இருக்கிறது, தலைக்குள்ளே வெறும் வெள்ளைக் காகிதம்.

"தெரியலீங்கய்யா" என்றேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பரீட்சையில் தோற்றது எனக்கு ஒன்றுமே இல்லை ஐயா, அன்று அந்த முகம் திரும்பியதற்கு முன்னால்! பிறகு கட்டுப் போடுகிறவர் வந்து பற்றுப் போட்டுக் கட்டினார். நல்ல வேளை, எலும்புக்கு ஒன்றும் இல்லை, வெறும் சுளுக்கு.

மறுநாள் விடிந்ததும் பாவாயக்கா வந்தாள். கட்டிலில் கிடந்த அப்பாவுக்கு எதிரே போய் நின்றாள்.

"ஏனுங்கய்யா, மொளகாச் செடி வாடிட்டு நிக்கிது. தம்பியக் காட்டுக்குத் தண்ணி எறைக்க அனுப்புங்க."

"என்ன சொல்றே? டாக்டருக்குப் படிக்கிறவன் எருதுக்குப் பின்னால போறதா? ஊரு சிரிக்கும்."

"ஊரு இப்பவே சிரிச்சுட்டுத்தானுங்க இருக்குது. உள்ளார உக்காந்து அவன் என்ன பண்றான்னு நீங்க பாத்தீங்களா? நான் பாக்கறேன். இன்னும் கொஞ்ச நாள் போனா உங்க பேரும் அவனுக்குத் தெரியாதுங்க."

அப்பா பதில் சொல்லவில்லை. அக்கா அதையே உத்தரவாக வைத்துக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். "எந்திரி சாமி. போயி எருதைப் பூட்டு."

எங்கள் பக்கத்தில் எருது பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைப்பதற்குக் 'கவலை' என்று பெயர். பெயர் வைத்தவர் அனுபவஸ்தராகத்தான் இருக்க வேண்டும். கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவு. சால் என்கிற பெரிய வாளி நிரம்பியதும் எருதுகள் சரிவில் இறங்கும். நாமும் அதை இழுக்கிற வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து பாரம் கொடுத்துக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் கொட்டியதும் எருதுகளைப் பின்னாலேயே நடத்திக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். இறக்கம், ஏற்றம். இறக்கம், ஏற்றம். வெயில் ஏறும்வரை இதேதான்.

முதல் நாள் உள்ளங்கை கொப்பளித்தது. தொடை இரண்டும் என்னுடையவை போலவே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மா போட்ட களியை ஒரு பேச்சுப் பேசாமல் தின்றேன். அம்மா இன்னொரு உருண்டை போட்டாள், அதையும் தின்றேன். விழுந்தேன். தூங்கினேன். எத்தனை மாதமாயிற்று அப்படித் தூங்கி!

ஒரு சங்கடம். எருதுகள் பாட்டுக்குப் பழகியவை. மேட்டுக்கு ஏறும்போது பழைய ஆள் ஏதாவது பாடுவாராம். பாட்டில்லாவிட்டால் பாதியில் நின்றுவிடுகின்றன. எனக்கு ஒரு பாட்டும் தெரியாது. "ஹை, ஹை" என்று கத்திப் பார்த்தேன், அசையவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே... தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்? கால் எலும்புகளின் பெயர்களை ராகம் போட்டு இழுத்தேன்.

"டே...லஸ்! கால்...கேனியஸ்! நேவிக்குலரே... கியூபாய்டே..."

எருதுகள் நகர்ந்தன!

ஏறி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? அன்று அப்பாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு தேடியபோது எங்கே போயிருந்தன? அப்படியே நின்றுவிட்டேன். எருதுகள் திரும்பிப் பார்த்தன.

அதற்குப் பிறகு புத்தகத்தைத் தோட்டத்துக்கே கொண்டுபோனேன். இறைத்து முடித்து, வாய்க்காலில் முகம் கழுவி, பூவரச மரத்தடியில் சற்று நேரம் படிப்பேன். சற்று நேரம்தான். ஆனால் படித்தது நின்றது. மறுநாள் சரிவில் இறங்கும்போது பக்கம் கண்முன்னே விரியும். மறந்த இடம் வந்தால் இன்னதுதான் மறந்தது என்று தெரியும். சாயங்காலம் போய்ப் பார்ப்பேன். முன்பெல்லாம் எதை மறந்தேன் என்பதே தெரியாது, அதுதானே பயம்?

அப்பாவின் கட்டை மாற்றுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் கட்டை அவிழ்த்துவிட்டு, கணுக்காலிலிருந்து விரல் வரை ஒவ்வோர் இடமாக அழுத்தி, பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"என்னடா மந்திரம் போடறே?" என்றார் அப்பா.

"மந்திரம் இல்லீங்கய்யா. உங்க காலுங்க. இது ஒரு எலும்பு, இது ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்குதுங்க."

அப்பா தம் காலையே புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "எங்கே, இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள். எனக்கு என் மாமன் மகள் பழனியம்மாளைத்தான் கட்டுவதென்று சிறு வயதிலேயே பேச்சு. எனக்கும் அதில் பூரண சம்மதம். திருவிழாவில் அவளைத் தூரத்தில் பார்த்தாலே சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிற அளவுக்குச் சம்மதம். ராசிபுரத்துப் பக்கத்திலிருந்த மாமாவின் காதுக்கும் மூளைக் கலக்கப் பேச்சு எட்டியிருக்கிறது. நேரில் பார்த்துவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

வந்தவர் என்ன கண்டார்? கோவணமும் தலைப்பாகையுமாக மருமகன். எருது வாலைப் பிடித்துக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்து, இந்த உலகத்தில் இல்லாத ஒரு பாஷையில் பாடுகிறான்!

கூப்பிடவும் இல்லை. நேரே வீட்டுக்குப் போய், அம்மா போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, "தை கழியட்டுமுங்க அக்கா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். தை கழிந்தது. மாசியில் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம். நான் போகவில்லை. அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் இறைத்தேன். மிளகாய்க்கு அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை.

இரண்டாம் முறை பரீட்சை எழுதச் சென்னை போனேன். ஹாஸ்டலிலிருந்து டிராமில் ஏறாமல் கடற்கரை ஓரமாக நடந்தே போனேன். பரீட்சை மண்டப வராந்தாவில் என் முறை வரும்வரை உலாத்திக்கொண்டிருந்தேன். சேவகன், "உக்காருங்க சார்" என்று நாற்காலியைக் காட்டிப் பார்த்தான். உட்காருவேனா? அதே வெள்ளைக்காரர். இந்தத் தடவை மணிக்கட்டு எலும்பில் ஒன்று, சுண்டைக்காய் அளவு. கையில் உருட்டிப் பார்த்துச் சொன்னேன். இடமா வலமா என்றும் சொன்னேன். அவருக்கு என்னை ஞாபகம் இருந்ததோ என்னவோ, "ஓய்வு நன்றாக இருந்ததா?" என்று கேட்டார். "மிகவும் நன்றாக இருந்தது, சார்" என்று உள்ளங்கைக் காய்ப்பைத் தடவிக்கொண்டே சொன்னேன். பாஸ்!

இத்தனை வருஷம் டாக்டராக இருந்தும் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை, என்னை மீட்டது எது? ரத்தம் ஓடியதா? பசியும் தூக்கமும் திரும்பியதா? பயத்துக்கு வேறு வேலை கிடைத்ததா? வருகிற நோயாளிகளிடத்தில் பார்க்கிறேன், முடங்கிக் கிடந்தவர்கள் நடக்க ஆரம்பித்ததும் பேச்சில் ஒரு தெளிவு வருகிறது. ஆனால் இதைச் சட்டமாக எழுதி மாட்டவும் எனக்குத் தைரியம் இல்லை. ராகவன் என்று ஒருவன் இருந்தானே, படிப்பு முடிகிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தான்! அவனை என்ன செய்வது?

எங்கள் வீட்டிலும் இந்த வழக்கு தீரவில்லை. திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறி வருவதாகத் தான் வேண்டிக்கொண்டதால்தான் நான் தேறினேன் என்பது அம்மாவின் கட்சி. அப்பாவோ கடைசிவரை, "ரூமுக்குள்ள போட்டுத் தாழ்ப்பாள் போட்டேன் பாருங்க, அதான் பாஸானான்" என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். பழனியம்மாள் இப்போது தன் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம்தான் மருந்துக்கு வருகிறாள். ஒரு நாள் என் மனைவிக்கு எதிரிலேயே, "ஏனுங்க மாமா, இப்பவும் எருதுகிட்ட இங்கிலீஷ் பேசறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். வீட்டில் அன்று முழுவதும் சிரிப்பு.

சரி, இதை ஏன் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? திங்கட்கிழமை என் மகளுக்குப் பரீட்சை. புத்தகம் மேஜை மேல் திறந்தபடி கிடக்கிறது. அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வாசலில் ரிங் டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கிறாள். வளையம் ஒரு தடவை ஜன்னல் கம்பியில் மோதி விழுந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். 'உள்ளே வந்து படி' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது... விழுங்கினேன்.

எத்தனையோ பேருக்கு மலேரியாவுக்குக் கொயினா கொடுத்திருக்கிறேன்; இவ்வளவு கசக்கும் என்று ஒருவரும் சொன்னதில்லை!